காட் தொலைந்த இடுப்பு: செயற்கை மூட்டைச் சுற்றிய எலும்பு இழப்பை அளந்த ஒரு நிகழ்வு

பின்னணி

வன்னியில் உள்ள ஓர் ஆதார வைத்தியசாலையின் எக்ஸ்ரே பிரிவில் வேலை செய்கிறேன். இந்த நிகழ்வு 2022 மார்ச்சில் தொடங்கி இன்னும் முழுதாக முடியாமல் இருக்கிறது. சம்பந்தப்பட்ட அம்மாவின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அவருடைய பெயரையும் ஊரையும், சிகிச்சை நடந்த இடங்களின் பெயர்களையும் விட்டுவிட்டேன்.

அவருக்கு அப்போது 60 வயது. முல்லைத்தீவுப் பக்கம் கச்சான் (நிலக்கடலை) செய்கிறவர். 2001 இல் சைக்கிளில் இருந்து விழுந்து வலது தொடை எலும்பின் கழுத்து முறிந்தது. போரால் பாதை பூட்டியிருந்த காலம். கிடைத்த வசதியைக் கொண்டு திருகாணி போட்டுப் பொருத்தினார்கள். ஆனால் எலும்பின் தலைப்பகுதிக்கு இரத்தம் போகாமல் அது மெல்ல மெல்ல நொறுங்கியது. 2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்த பிறகுதான் கொழும்புக்குப் போக வழி பிறந்தது. 2003 இல், 41 வயதில், அங்கே அவருக்கு முழு இடுப்பு மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை நடந்தது. தொடை எலும்புக்குள் ஓர் உலோகத் தண்டு, அதன் நுனியில் உலோக உருண்டை, இடுப்பு எலும்பில் திருகாணிகளால் பொருத்திய உலோகக் கிண்ணம், உருண்டைக்கும் கிண்ணத்துக்கும் இடையில் பிளாஸ்ரிக்: இவைதான் அந்த மூட்டு. வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு காட் கொடுத்திருக்கிறார்கள். எந்தக் கம்பனியின் மூட்டு, உலோக உருண்டையின் விட்டம் எவ்வளவு, கிண்ணத்தின் அளவு என்ன, உள்ளே வைத்த பிளாஸ்ரிக் எந்த வகை என்ற விவரமெல்லாம் அந்தக் காட்டில் ஒட்டிய சிட்டைகளில் இருந்திருக்கும்.

2009 இல், போரில், அந்தக் காட் போய்விட்டது. "எல்லாத்தையும் விட்டிட்டு உயிரோடை வந்தனாங்கள் பிள்ளை, காட் எங்கை இருக்கப் போகுது" என்றார். செட்டிகுளம் முகாமில் இருந்துவிட்டு 2010 இன் கடைசியில் காணிக்குத் திரும்பினார். அதற்குப் பிறகு இடுப்பைக் காட்ட என்று அவர் எந்தக் கிளினிக்குக்கும் போகவில்லை. 2012 இல் கிணற்றடியில் வழுக்கி விழுந்தபோது ஓர் எக்ஸ்ரே எடுத்தார்கள். 2018 இல் முதுகு நோவுக்காக எங்களிடம் வந்தபோது இடுப்பையும் சேர்த்து இன்னொன்று எடுத்தோம். அவ்வளவுதான்.

இந்தப் பின்னணியை நீட்டி எழுதக் காரணம் இருக்கிறது. செயற்கை மூட்டைச் சுற்றி எலும்பு எவ்வளவு போயிருக்கிறது என்று அளக்க இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று, உண்மையான அளவு தெரிந்த ஏதாவது ஒரு பொருள். மற்றது, முன்பு எடுத்த படம். வன்னியில் ஒரு தலைமுறையிடம் இந்த இரண்டும் இல்லை.

முதல் நாள் கண்டது

மார்ச்சில் அவர் வந்தது கவட்டுப் பக்கத்து நோவுக்காக. கச்சான் பிடுங்கிய நாட்களில் குந்தி எழும்பும்போது குத்தியிருக்கிறது. "நாலைஞ்சு நாள் குத்தினது, பிறகு ஒண்டும் இல்லை. மருமகள் கரைச்சல் குடுத்துத்தான் வந்தனான்" என்றார். நொண்டவில்லை. காய்ச்சலும் இல்லை. வெளிநோயாளர் பிரிவில் இருந்த இளம் வைத்தியர் இடுப்பு எக்ஸ்ரே கேட்டு அனுப்பினார்.

படத்தில் தண்டு தொடை எலும்புக்குள் உறுதியாக இருந்தது. கிண்ணமும் திருகாணிகளும் இடம் மாறவில்லை. அவசரத்தில் பார்த்தால் "கருவி இடத்தில் இருக்கிறது" என்று எழுதிவிடலாம். 2018 இல் எங்கள் பதிவேட்டில் அப்படித்தான் எழுதியிருந்தோம். அந்தப் பதிவில் இருப்பது என்னுடைய கையெழுத்து.

இந்த முறை என் கண்ணில் பட்டது உருண்டை. புதிதாகப் போட்ட மூட்டில் உலோக உருண்டையின் மையமும் கிண்ணத்தின் மையமும் பெரும்பாலும் ஒரே புள்ளியில் இருக்கும். இவருடைய படத்தில் உருண்டை மேல்நோக்கி ஏறியிருந்தது. இடையில் இருக்கும் பிளாஸ்ரிக் எக்ஸ்ரேயில் தெரியாது. அது தேய்ந்திருக்கிறது என்பதை உருண்டை நகர்ந்ததை வைத்துத்தான் அறிய முடியும். கிண்ணத்துக்கு மேலே, வெளிப்பக்கமாக, கச்சான் கோது அளவில் ஒரு கருமையும் இருந்தது. தொடை எலும்பின் பக்கவாட்டு முண்டில் இன்னொரு சிறிய கருமை. எலும்பு போன இடம் எக்ஸ்ரேயில் இப்படிக் கருமையாகத்தான் தெரியும்.

எலும்பு ஏன் போகிறது என்பதை அம்மாவுக்கு விளக்கியபடியே இங்கும் சொல்கிறேன். பிளாஸ்ரிக் தேயும்போது உதிர்வது கண்ணுக்குத் தெரியாத தூள். பெரும்பாலான துகள்கள் ஒரு மி.மீ.யின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சிறியவை. உடலில் குப்பை அள்ளும் கலங்கள் அவற்றை விழுங்கும், ஆனால் செரிக்க முடியாது. அந்தக் கலங்கள் விடும் சமிக்ஞையால், எலும்பைக் கரைக்கிற வேறு கலங்கள் கிளம்புகின்றன. மூட்டுக்குள் இருக்கும் திரவம் கிண்ணத்தின் திருகாணி ஓட்டைகள் வழியாகப் பின்னால் போய், தூளையும் கூடவே கொண்டு சேர்க்கும். இத்தனைக்கும் பெரும்பாலும் வலி வராது, வந்தாலும் இவருக்குப் போலக் கொஞ்ச நாளில் போய்விடலாம். வழக்கமாக எலும்பு முறிந்தாலோ கிண்ணம் ஆட்டம் கண்டாலோதான் பெரிதாக வலிக்கும்.

"உள்ளுக்குக் கறையான் அரிச்ச வளை மாதிரி எண்டு சொல்லுங்கோ. வெளியாலை பார்த்தால் மரம் நல்லாத்தான் இருக்கும்" என்றார் அம்மா. அதன்பிறகு யாருக்கு விளக்கினாலும் இந்த உவமையைத்தான் சொல்கிறேன்.

கருமையைக் கண்டதும் முதலில் விலக்க வேண்டியது கிருமித்தொற்று. எலும்பு முறிவு சத்திரசிகிச்சை நிபுணரோடு தொலைபேசியில் பேசினோம். அவர் சொன்ன இரத்தப் பரிசோதனைகள் இயல்பாக இருந்தன. பின்னர் மூட்டிலிருந்து எடுத்த திரவத்திலும் கிருமி வளரவில்லை.

அளவுகோல் தேடியது

எக்ஸ்ரே படம் ஒரு நிழல். எலும்பு படத்தட்டிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்கு நிழல் பெருக்கும். இடுப்புப் படத்தில் இந்தப் பெருக்கம் 15 முதல் 20 வீதம் வரை வருவது வழக்கம். ஆளின் உடல்வாகைப் பொறுத்தும் மாறும். அதனால் திரையில் 20 மி.மீ. என்று காட்டுவதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. காட் இருந்திருந்தால் சிக்கல் இல்லை. உருண்டையின் உண்மையான விட்டம் தெரிந்தால் உருண்டையே அளவுகோல். எங்களுக்கு அது தெரியவில்லை.

பெரிய இடங்களில் இதற்கென்று விற்கும் உலோகக் குண்டு ஒன்றைத் தொடைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுப்பார்கள். எங்களிடம் அது இல்லை. உழவு இயந்திரம் திருத்தும் கராஜ் ஒன்றில் பழைய பெயாரிங் குண்டு கேட்டு வாங்கினோம். பக்கத்து லேத் பட்டறையில் வேர்னியர் இரவல் வாங்கி அளந்தபோது 25.4 மி.மீ., சரியாக ஓர் அங்குலம். நாணயமும் வைக்கலாம்தான், ஆனால் அது கொஞ்சம் சரிந்தாலும் நிழல் நீள்வட்டமாகிவிடும். குண்டு எப்படிக் கிடந்தாலும் குண்டுதான்.

இரண்டு வாரம் கழித்து அம்மாவைத் திரும்ப அழைத்தோம். இங்கே நான் ஒரு பிழை விட்டேன். குண்டு உருண்டு விழாதபடி அதை மேசை மேல், தொடைக்குப் பக்கத்தில் பஞ்சு அண்டக்கொடுத்து வைத்தேன். படத்தில் குண்டு 28.0 மி.மீ. காட்டியது, அதாவது பெருக்கம் 1.10. மூட்டின் உருண்டை படத்தில் 33.4 மி.மீ. வகுத்துப் பார்த்தால் உண்மையான விட்டம் 30க்குச் சற்று மேல் வந்தது. அந்தக் காலத்தில் இங்கே வழக்கமாகப் போட்ட உருண்டைகள் 22, 26, 28, 32 மி.மீ. விட்டமுள்ளவை. 30க்கு மேல் கொஞ்சம் என்று ஒன்று வருவதற்கு இடமில்லை. எங்கோ பிழைத்திருக்கிறது.

காரணம் உயரம். மேசையில் கிடந்த குண்டு படத்தட்டுக்குக் கிட்ட இருந்தது. மூட்டு அதற்கு மேலே இருந்தது. அம்மாவைத் திரும்பவும் கதிரில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. நல்லவேளையாக, படம் எடுத்தபோது பக்கவாட்டு முண்டு மேசையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அடிமட்டத்தால் அளந்து குறித்திருந்தேன். அது 8.2 செ.மீ. மூட்டும் ஏறத்தாழ அதே உயரத்தில்தான் இருக்கும். ஆளே இல்லாமல், அந்த உயரத்துக்குப் பஞ்சுக் கட்டையை அடுக்கி, அதன்மேல் குண்டை வைத்து, குழாயின் தூரத்தை மாற்றாமல் ஒரு படம் எடுத்தோம். இப்போது குண்டு 30.3 மி.மீ. காட்டியது, பெருக்கம் 1.193. உருண்டையை அதால் வகுத்தபோது 28.0 மி.மீ. வந்தது.

அந்த நேரத்தில் எனக்கு உண்டான நிம்மதியைச் சொல்லத்தான் வேண்டும். 2009 இல் தொலைந்த காட்டின் ஒரு வரி திரும்பக் கிடைத்துவிட்டது. 28 என்று தெரிந்ததும், இதற்கு முன் எடுத்த எந்தப் படத்துக்கும், இனி எடுக்கப்போகிற எந்தப் படத்துக்கும் அளவுகோல் அவருடைய உடம்புக்குள்ளேயே இருக்கிறது. அதே கணக்கில் கிண்ணத்தின் வெளி விட்டம் 50 மி.மீ. என்று வந்தது.

ட்ரங்குப் பெட்டிக்குள் இருந்த படம்

2018 படத்தைக் கேட்டோம். அந்த ஆண்டு டிசம்பர் வெள்ளம் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் பல வீடுகளுக்குள் ஏறியது. அவருடைய வீட்டில் கட்டிலுக்குக் கீழே இருந்த உறை நனைந்து, பிலிம் கடதாசியோடு ஒட்டிக் கிடந்தது. பிரிக்க முடியவில்லை. ஆனால் 2012 படம் ட்ரங்குப் பெட்டியில், சீலைகளுக்கு நடுவே, சொப்பின் பையில் சுற்றியபடி தப்பியிருந்தது. மகன் அதை அரிசிச் சாக்கு மட்டைக்குள் வைத்து வளையாமல் கொண்டுவந்தார். ஓரத்தில் பூஞ்சணம் பிடித்திருந்தது. மூட்டுப் பகுதி சுத்தமாக இருந்தது.

போட்டோக்கொப்பிக் கடையில் ஊடுகாட்டும் தாளில் ஒரு மி.மீ. இடைவெளி விட்டு வட்டங்கள் அச்சடித்து எடுத்தோம். வெளிச்சப் பெட்டியில் பிலிமை வைத்து, கிண்ணத்தின் வெளி வளைவுக்குப் பொருந்தும் வட்டத்தின் மையத்தையும் உருண்டையின் மையத்தையும் குறித்து, இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை வேர்னியரால் அளந்து, பெருக்கத்தால் வகுத்தோம். நான் மூன்று தரம் அளந்தேன். என் எண்ணைப் பார்க்காமல், இன்னொரு நாள், வைத்தியர் மூன்று தரம் அளந்தார். எங்களுக்குள் வந்த ஆகப் பெரிய வேறுபாடு 0.4 மி.மீ. அதைவிடச் சிறிய மாற்றம் எதையும் மாற்றம் என்று எடுப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டோம்.

2012 இல் உருண்டை 1.1 மி.மீ. ஏறியிருந்தது. 2022 இல் 3.0 மி.மீ. பத்து ஆண்டில் 1.9, அதாவது ஆண்டுக்கு 0.19 மி.மீ. முதல் ஓரிரு ஆண்டில் பிளாஸ்ரிக் அமுங்கி இடம் கொள்வது இதில் சேராது, ஏனென்றால் அது 2012க்கு முன்பே முடிந்திருக்கும். தேய்வு ஆண்டுக்கு 0.1 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் எலும்பு இழப்பு அரிது, 0.2 ஐத் தாண்டினால் அதை எதிர்பார்த்தே இருக்க வேண்டும் என்பது இந்தத் துறையில் நெடுநாளாக உள்ள கணக்கு. இவர் மேல் எல்லைக்குப் பக்கத்தில் நின்றார். 2003 இல் பழைய வகைப் பிளாஸ்ரிக், தேய்வைக் குறைக்கக் குறுக்குப் பிணைப்புக் கூட்டிய புதிய பிளாஸ்ரிக் இரண்டும் புழக்கத்தில் இருந்தன. இந்த வேகத்தில் தேய்ந்ததைப் பார்த்து இது பழைய வகை என்று நிபுணர் ஊகித்தார்.

தொடை முண்டில் கண்ட கருமை 2012 படத்தில் இல்லவே இல்லை. கிண்ணத்துக்கு மேலே இருந்த கருமை அப்போது ஒரு மெல்லிய கோடாக இருந்தது. இப்போது 21 க்கு 16 மி.மீ.

இடங்களைக் குறிக்க உலகெங்கும் வழக்கத்தில் உள்ள வலயங்களையே பயன்படுத்தினோம். கிண்ணத்தைச் சுற்றி டிலீயும் சார்ன்லியும் 1976 இல் வகுத்த மூன்று வலயங்கள், தண்டைச் சுற்றி குருயென் 1979 இல் வகுத்த ஏழு வலயங்கள். "மேலே கொஞ்சம் கறுப்பு" என்று எழுதினால் அடுத்து பார்ப்பவருக்கு ஒன்றும் புரியாது. "கிண்ணம் முதலாம் வலயம், 21 க்கு 16" என்று எழுதினால் பத்து ஆண்டு கழித்தும் ஒருவர் அதே இடத்தில் அளக்கலாம்.

நேர்ப்படம் மறைத்தது

நேராக எடுத்த ஒரு படத்தை வைத்து மட்டும் முடிவெடுக்கக்கூடாது என்று நிபுணர் சொன்னார். எலும்பின் தாதுப்பொருளில் 30 முதல் 50 வீதம் வரை போன பிறகுதான் எக்ஸ்ரேயில் கண்ணுக்குப் புலப்படும். அதோடு உலோகக் கிண்ணம் தனக்குப் பின்னால் இருப்பதை முழுதாக மறைத்துவிடும். அதனால் குண்டு வைத்து எடுத்த அதே நாளில், உடம்பை இரண்டு பக்கமும் 45 பாகை சரித்து இரண்டு சாய்வுப் படங்களும் எடுத்திருந்தோம். இடுப்பு எலும்பு முறிவுக்கு எடுக்கிற வழக்கமான படங்கள்தான் இவை. வலப்பக்கம் கீழே வரச் சரித்த படத்தில், உட்காரும்போது அழுத்துகிற எலும்பை நோக்கி, கிண்ணத்துக்குக் கீழே பின்னால், ஒரு பெரிய கருமை தெரிந்தது. நேர்ப்படத்தில் அதன் சுவடே இல்லை.

எலும்பு அடர்த்தி அளக்கும் டெக்ஸா இயந்திரத்தைப் பற்றியும் பேசினோம். தண்டைச் சுற்றி எலும்பு மெலிவதை எக்ஸ்ரேயில் தெரிவதற்கு முன்பே அதால் அளக்க முடியும். ஆனால் சத்திரசிகிச்சை முடிந்த கையோடு எடுத்த முதல் அளவு இருந்தால்தான் ஒப்பிடலாம். கிண்ணத்துக்குப் பின்னால் இருக்கும் குழியை அளக்க அது உதவாது. எங்கள் கேள்வியோ அந்தக் குழியைப் பற்றியது. விட்டுவிட்டோம். சி.ரி. ஸ்கானுக்கு எழுதினோம்.

பயன்படாத ஸ்கானும் பயன்பட்ட ஸ்கானும்

ஸ்கான் வேறு மாவட்டத்தில். 2022 ஜூன், பெற்றோல் வரிசை கிலோமீற்றர் கணக்கில் நின்ற காலம். மகனின் மோட்டார் சைக்கிள் மூன்று வாரமாக வீட்டில் கிடந்தது. இருவரும் அதிகாலை பஸ்ஸுக்கு ஏ9 வரை நடந்தும் ஏறியும் போய், இரவு வீடு திரும்பியிருக்கிறார்கள்.

அந்த ஸ்கான் பயன்படவில்லை. வயிற்றுக்கும் இடுப்புக்கும் வழக்கமாக எடுக்கிற முறையில் எடுத்திருந்தார்கள். உலோகத்தைச் சுற்றி வெள்ளையும் கறுப்பும் கதிர்க்கதிராகச் சிதறி, பார்க்க வேண்டிய இடமெல்லாம் அழிந்துபோயிருந்தது. எடுத்தவர்களில் பிழை இல்லை. எங்கள் கோரிக்கைத் தாளில் இருந்தது "இடுப்பு சி.ரி." என்ற இரண்டே சொற்கள். உள்ளே உலோக மூட்டு இருக்கிறது என்றோ, எதைத் தேடுகிறோம் என்றோ நாங்கள் எழுதவில்லை. 60 வயதுப் பெண்ணை இந்தப் பயணத்துக்கு அனுப்பினோம். எக்ஸ்ரேயைவிடப் பல மடங்கு கதிரும் அவர் வாங்கினார். ஒன்றும் கிடைக்கவில்லை. இந்த நிகழ்வில் நான் அதிகம் வருந்துவது இதற்காகத்தான். அம்மாவிடம் நேரில் சொல்லி மன்னிப்புக் கேட்டோம்.

இரண்டாம் முறை அனுப்புவதற்கு முன் அங்குள்ள கதிரியல் நிபுணரோடு பேசினோம். செப்டெம்பரில் திரும்ப எடுத்தார்கள். குழாயின் அழுத்தம் 140 கிலோவோல்ட், ஒரு மி.மீ. வெட்டுகள், உலோகச் சிதறலைக் குறைக்கும் மென்பொருள், எலும்புக்கேற்ற அகன்ற சாம்பல் வீச்சு. சிதறலைக் குறைத்த படத்தை மட்டும் நம்பாமல் குறைக்காத படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி அவர் சொன்னார். அந்த மென்பொருள் உலோகத்தை ஒட்டி இல்லாத கருமையை உண்டாக்கவும் கூடும். இருக்கிற எலும்பை அழிக்கவும் கூடும். இரண்டு படத்திலும் தெரிவதைத்தான் குழி என்று எடுத்தார்.

கன அளவு கணிக்க அவர் செய்தது பொறுமையான வேலை. மூன்று வெட்டுக்கு ஒன்றாக எடுத்து, குழியின் ஓரத்தைக் கையால் வரைந்து, ஒவ்வொன்றின் பரப்பையும் 3 மி.மீ. தடிப்பால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினார். ஒரு வாரம் கழித்து முதல் கோடுகளைப் பார்க்காமல் மறுபடி வரைந்தார். ஒரு முறை 16.7 கன செ.மீ., மறுமுறை 15.2. உலோகத்துக்கு அருகில் ஓரம் எங்கே என்பது மங்கல். அந்த மங்கலையும் எண்ணோடு சேர்த்து "15 முதல் 17 வரை" என்று அறிக்கையில் எழுதினார். ஒற்றை எண்ணைத் தசமத்தோடு எழுதியிருந்தால் அழகாக இருந்திருக்கும். இப்படி எழுதியதுதான் நேர்மை.

நேர்ப்படத்தில் கண்ட 21 க்கு 16 மி.மீ. கருமையின் ஆழமும் 16 என்று வைத்து, முட்டை வடிவமாக எடுத்துக் கணித்தால் 3 கன செ.மீ. கூட வராது. ஸ்கானில் அதே குழி 5க்கு மேல். நேர்ப்படத்தில் தெரியவே தெரியாத கீழ்க்குழி மட்டும் 10 கன செ.மீ. எக்ஸ்ரேயை மட்டும் பார்த்திருந்தால் ஐந்தில் ஒரு பங்கைத்தான் கண்டிருப்போம்.

எடுத்த முடிவு, அதன் காரணம்

இரண்டு வழிகள் இருந்தன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை படம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பது ஒன்று, இப்போதே திறப்பது மற்றது.

அம்மாவுக்கு இரண்டாவது வழியில் விருப்பம் இல்லை. "நோகேல்லை, நடக்கிறன், ஏன் வெட்ட வேணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நிபுணர் ஒரு கிளினிக் நாளில் அரை மணித்தியாலம் அவரோடு இருந்து படங்களைக் காட்டினார். பிளாஸ்ரிக்கில் மிஞ்சியிருப்பது எவ்வளவு என்ற கணக்கையும் சொன்னார். கிண்ணத்தின் வெளி விட்டம் 50, உருண்டை 28, இடையில் ஒரு பக்கம் 11 மி.மீ. அதில் உலோகச் சுவர் ஏறத்தாழ 4. தொடக்கத்தில் 7 மி.மீ. இருந்த பிளாஸ்ரிக்கில் 3 போய்விட்டது. மெலிய மெலிய அது பிளக்கக்கூடும். கிண்ணம் இப்போது எலும்பில் உறுதியாகப் பிடித்திருக்கிறது. பிடிப்பு இருக்கும்போதே பிளாஸ்ரிக்கை மாற்றிக் குழியை நிரப்பினால் சிறிய வேலை. கீழ்க்குழி இன்னும் பெருத்து இடுப்பு எலும்பு முறிந்தாலோ கிண்ணம் கழன்றாலோ, புதிதாகக் கிண்ணம் பதிக்க அங்கே எலும்பு மிஞ்சாது.

இரண்டு நாள் யோசித்துவிட்டு மருமகளின் தொலைபேசியில் இருந்து அழைத்தார். "கச்சான் விதைச்சு முடிய வாறன்" என்றார்.

காட் இல்லாதது இங்கும் இடைஞ்சல் தந்தது. கிண்ணத்துக்குப் பொருந்தும் பிளாஸ்ரிக் அதே கம்பனியிடம்தான் கிடைக்கும். தண்டின் வடிவத்தையும் திருகாணி ஓட்டைகளின் அமைப்பையும் பார்த்து நிபுணர் இரண்டு கம்பனிகள் வரை குறுக்கினார். அதற்குமேல் உறுதி சொல்ல முடியவில்லை. ஆகையால், பொருந்தாவிட்டால் பழைய உலோகக் கிண்ணத்துக்குள் புதிய பிளாஸ்ரிக் கிண்ணத்தை எலும்புச் சீமெந்தால் ஒட்டுவது என்று முன்கூட்டியே திட்டமிட்டார். உள்ளே சீமெந்துக்கு இடம் இருக்குமா என்பதை எங்கள் 50 என்ற அளவை வைத்துத்தான் பார்த்தார்.

திறந்தபோது கண்டது

2023 ஜனவரியில் சத்திரசிகிச்சை நடந்தது. கிண்ணத்தைத் தட்டியும் நெம்பியும் பார்த்தார்கள், அசையவில்லை. திருகாணிகளைக் கழற்றியதும் ஓட்டைகள் வழியாகச் சாம்பல் கலந்த மஞ்சள் கூழ் வந்தது. அதைச் சுரண்டி எடுத்து, எலும்புத் துகள்களை அமுக்கி நிரப்பினார்கள். 18 மில்லிலீற்றர் பிடித்தது. ஸ்கான் சொன்ன 15 முதல் 17க்குக் கொஞ்சம் கூட. சுரண்டும்போது குழி சற்றுப் பெருக்கும் என்பதால் அது எதிர்பார்த்ததுதான். பழைய பிளாஸ்ரிக்குக்குப் பொருத்தமானது கிடைக்காததால் சீமெந்து வழியையே எடுத்தார்கள். கீறல் விழுந்திருந்த உருண்டையையும் மாற்றி, புதிய 28 போட்டார்கள். தொடை முண்டில் இருந்த சிறிய குழியைத் தொடவில்லை. தண்டு உறுதியாக இருந்தது, அந்தக் குழிக்காக இன்னும் எலும்பைத் திறக்க நிபுணர் விரும்பவில்லை.

கழற்றிய பிளாஸ்ரிக்கை எங்களுக்காக எடுத்துவைக்கும்படி கேட்டிருந்தோம். கிருமி நீக்கிப் போத்தலில் அனுப்பினார்கள். அதே லேத் பட்டறை வேர்னியரால் அளந்தோம். ஆக மெல்லிய இடம் 3.9 மி.மீ., தேயாத பக்கம் 6.8. வேறுபாடு 2.9. படத்தில் நாங்கள் கண்டது 3.0. எங்கள் பிழை வரம்பு 0.4 ஆக இருக்கும்போது இவ்வளவு கிட்ட வந்ததில் அதிர்ஷ்டமும் உண்டு. ஆனாலும், பெயாரிங் குண்டும் போட்டோக்கொப்பி வட்டமும் கொண்டு அளந்த அளவை நம்பி ஒருவரைக் கத்திக்கு அனுப்பினோமே என்று உள்ளுக்குள் இருந்த பயம் அன்றைக்குத்தான் போனது.

பிறகு நடந்தது

ஆறு கிழமை பாதிப் பாரத்தோடு நடந்தார். குந்தக்கூடாது என்பதால் மகன் பிளாஸ்ரிக் கதிரையின் நடுவை வெட்டிக் கழிப்பறையில் வைத்துக் கொடுத்தார். மூட்டு கழரவில்லை. தொற்று வரவில்லை. அந்த ஆண்டு கடைசியில் வயலுக்கு இறங்கினார். குந்தி இருந்து கச்சான் பிடுங்குவதை மட்டும் விட்டுவிட்டார்.

நிரப்பிய எலும்பைப் பார்க்கத் திரும்ப ஸ்கான் எடுக்க வேண்டாம் என்று தீர்மானித்தோம். ஏற்கெனவே ஒன்று வீணாகப் போனவர். நோவு இல்லாமல், உருண்டை நகராமல் இருக்கும்வரை, அதே 45 பாகைச் சாய்வுப் படமே போதும். 2024 ஜனவரியிலும் 2025 ஜனவரியிலும் எடுத்தோம். கீழ்க்குழி இருந்த இடம் கருக்காமல் எலும்பின் நிறத்தில் இருந்தது.

எங்கள் பிரிவில் மாற்றியவை

செயற்கை இடுப்பு மூட்டோடு யார் வந்தாலும், எந்த வருத்தத்துக்கு வந்தாலும், உருண்டையின் மையம் கிண்ணத்தின் மையத்தில் இருக்கிறதா என்று இப்போது பார்க்கிறோம். "கருவி இடத்தில் இருக்கிறது" என்ற வரியை எழுதுவதை நிறுத்திவிட்டோம். அதற்குப் பதில் நகர்வு மி.மீ. கணக்கில், கருமை இருந்தால் வலயமும் அளவும். பெயாரிங் குண்டு சிறிய பஞ்சுத் தாங்கியில் பொருத்தி மேசைக்குப் பக்கத்தில் தொங்குகிறது. முண்டின் உயரத்துக்கு அதைத் தூக்கி வைப்பது வழக்கமாகிவிட்டது. கால் விரல்கள் சற்று உள்நோக்கி இருக்கும்படி 15 பாகை திருப்பிப் படம் எடுப்பதையும் கட்டாயமாக்கினோம். ஒரு படத்தில் கால் உள்நோக்கியும் மறு படத்தில் வெளிநோக்கியும் இருந்தால், தொடைப் பக்கத்துக் கருமை வளராமலே வளர்ந்ததுபோலத் தெரியும்.

ஸ்கான் கோரிக்கைத் தாளில் மூன்று வரிகள் சேர்த்தோம்: உள்ளே என்ன உலோகம், எந்த இடத்தில் எதைத் தேடுகிறோம், உலோகத்துக்கான முறையில் எடுக்க முடியுமா. முடியாது என்றால் ஆளை அனுப்புவதில்லை.

கிளினிக் கொப்பியின் உள்மட்டையில் உருண்டை 28, கிண்ணம் 50, சத்திரசிகிச்சை நடந்த ஆண்டுகள் 2003, 2023 என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தோம். அம்மா அந்தப் பக்கத்தைத் தொலைபேசியில் படம் பிடித்து, வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கும் அனுப்பிவைத்திருக்கிறார். "இங்கை கொப்பி போனாலும் அவளிட்டை இருக்கும்" என்றார். அதன்பிறகு மூட்டு மாற்றியவர்கள் எல்லோரிடமும், காட் இருந்தால் படம் பிடித்து வேறு ஊரில் இருக்கும் உறவு ஒருவருக்கு அனுப்பச் சொல்கிறோம்.

தொடை முண்டில் விட்டுவைத்த குழி 2022 இல் 14 க்கு 9 மி.மீ. 2024 இல் அதே அளவு. 2025 இல் 15 க்கு 9. ஒரு மி.மீ. வேறுபாடு காலின் திருப்பத்தாலும் வரலாம், உண்மையாகவும் இருக்கலாம் என்று நிபுணருக்கு எழுதினேன். ஓராண்டு பொறுத்து மறுபடி அளப்போம் என்று பதில் வந்தது. கச்சான் பிடுங்கி முடிந்ததும் வருவதாக அம்மா சொல்லியிருக்கிறார்.